ஆறு கம்பு, நாலு கோன்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், இரண்டாம் பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்றைக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுவதுமாக வெளியிடுகிறோம்.)



தலைவர் எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார். முப்பத்து மூன்று வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தும் தந்திருக்கிறார். விசிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன், பயப்பட வேண்டாம்.

பேசப் போவது நாய்களைப் பற்றி. இரண்டு மூன்று பேர் முகம் மாறுவது இங்கிருந்தே தெரிகிறது. போன வருஷப் பொதுக்கூட்டத்தில் லிஃப்டில் நாய் ஏறலாமா கூடாதா என்று ஒன்றரை மணி நேரம் சத்தம் போட்டோம். அன்றைக்குத் தண்ணீர் லாரிக் கணக்கைப் பேச நேரமே இல்லாமல் போனது. அந்தச் சண்டையைத் திரும்ப இழுக்க நான் வரவில்லை. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் முப்பது அடி நீளத்துக்கு ஒரு மண் தரை சும்மா கிடக்கிறதே, அதைப் பற்றி ஒரு வேண்டுகோள் வைக்க வந்திருக்கிறேன். வேண்டுகோளுக்கு முன்னால், அங்கே காலையில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுவது நல்லது. "வாத்தியாரு காலங்காத்தால நாய வச்சு சர்க்கஸ் பழக்குதாரு" என்று ஒரு பேச்சு ஓடுவது என் காதுக்கும் வந்தது.

எங்கள் மணியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். லாப்ரடார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ஆறு வயது, 38 கிலோ எடை. பார்க்கிற எல்லாரும் "நல்லா கொழுகொழுன்னு இருக்கான்" என்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளியில் பிள்ளைகள் எடை கூடினால் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசியவன், வீட்டில் இருக்கிற நாயை மட்டும் விட்டுவிட்டேன். காலையில் பத்து நிமிடம் கேட் வரைக்கும் நடை, பிறகு நாள் முழுக்க ஹாலில் ஃபேனுக்குக் கீழே படுக்கை. போகிற வருகிறவர்கள் கையில் நேந்திரங்காய் சிப்ஸ் இருந்தால் அவனுக்கும் பங்கு. தீபாவளிக்கு ஐந்து வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து வந்தது. அதில் நான் சாப்பிட்டது குறைவு.

முதலில் நான் கவனித்தது படிக்கட்டில். மேலே ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவான். சோம்பல் என்று நினைத்தேன். அப்புறம் வீட்டுக்குள் டைல்ஸில் எழுந்திருக்கும்போது பின்கால் இரண்டும் இரண்டு பக்கமாகச் சறுக்க ஆரம்பித்தன. அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். உடற்பயிற்சி போதவில்லை, நமக்குத் தெரியாததா என்று, பழைய ஞாபகத்தில் இரண்டு நாற்காலிக்கு நடுவே கம்பு வைத்து மணியைத் தாண்ட வைத்தேன். ஒன்றரை அடி உயரம் இருக்கும். பிஸ்கட் கிடைக்கிறது என்று அவனும் உயிரைக் கொடுத்துத் தாண்டினான். மூன்றாம் நாள் காலையில் இடது பின்காலைத் தரையில் ஊன்றவே இல்லை.

எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு பக்க இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தவில்லை, தேய்மானம் தொடங்கிவிட்டது. லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் பரம்பரையாக இந்தக் குறை வரக்கூடும். எடை கூடினால் மோசமாகும். தாண்ட வைத்தால் இன்னும் மோசமாகும். இதைக் கேட்டபோது என் வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வாரம் முழு ஓய்வு. அதற்குப் பிறகு கால்நடை மருத்துவர் சொன்ன பயிற்சிதான் நீங்கள் பார்க்கிற அந்தச் "சர்க்கஸ்". தரையில் கிடக்கிற கம்புகளை மெதுவாக, ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்துக் கடந்து போவது. தாண்டுவது கிடையாது. ஓடுவதும் கிடையாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. குதிரைக்காரர்களிடமிருந்து வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியக் குதிரைப்படையில் கப்ரில்லி என்றொரு அதிகாரி இருந்தார். தாழ்வான கம்புகளை வரிசையாக வைத்துக் குதிரையை நடக்கப் பழக்கும் முறையை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கம்புகளுக்குக் கவலெட்டி என்று பெயர், இத்தாலிய மொழியில் 'சின்னக் குதிரைகள்' என்று அர்த்தமாம். நாய்கள் தடை தாண்டி ஓடும் போட்டி வேறு. அது 1978-இல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து, இடைவேளையில் கூட்டத்தை உட்கார வைக்கச் செய்து காட்டிய விளையாட்டு. நம் ஊர்க் காவல்துறை நாய்ப் பிரிவு விழாக்களில் செய்து காட்டுவதும் ஏறக்குறைய அந்த வகைதான். அதெல்லாம் இளம் வயது, நல்ல மூட்டு, நல்ல பயிற்சியாளர் இருக்கிற நாய்களுக்கு. நம் ஃபிளாட் நாய்களுக்கு வேண்டியது கவலெட்டிதான். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் இருக்காது.

சரி, கம்பைத் தாண்டி நடந்தால் என்ன ஆகிவிடும்? இதை நான் எனக்கே புரிகிற மாதிரி யோசித்துப் பார்த்தேன்.

பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் பாட்டா வீட்டில் ஒரு நாய் இருந்தது. அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. விடிந்ததும் பாட்டா பின்னால் வயலுக்குப் போகும். வரப்பில் ஏறும், இறங்கும், மடையைக் கடக்கும், சேற்றில் காலை இழுத்து இழுத்து நடக்கும். தோப்புக்குள் வந்தால் விழுந்து கிடக்கிற தென்னை மட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துக் கடக்கும். தென்னைக்குத் தென்னை சுற்றிக்கொண்டு வரும். வீட்டுக்குத் திரும்பினால் நடைப்படி, வாசற்படி, முற்றத்துக் கல். ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு தடவை நாலு காலையும் தனித்தனியாக யோசித்து வைத்திருக்கும். மணியின் உலகத்தில் ஹால், காரிடார், லிஃப்ட், சிமெண்ட் ரோடு. எல்லாம் வழவழப்பு, எல்லாம் ஒரே மட்டம். அவன் காலைத் தூக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்காலில்தான் இருக்கும். முன்கால் எங்கே போகிறது என்று அதன் கண்ணுக்குத் தெரியும். பின்கால் வண்டியின் பின்சக்கரம் மாதிரி சும்மா பின்னால் வரும். மட்டமான தரையிலேயே வளர்ந்த நாய்க்குத் தன் பின்கால் எங்கே இருக்கிறது என்கிற நினைப்பே மங்கிப் போகிறது. கம்பு வைத்தால் அது பின்கால்களையும் தனித்தனியாகத் தூக்கியாக வேண்டும். தூக்கும்போது முழங்காலும் கணுக்காலும் வழக்கத்தைவிட அதிகமாக மடங்கும். ஒரு காலைத் தூக்கினால் மற்ற மூன்று கால் உடம்பைத் தாங்க வேண்டும். தொடை, வயிறு, முதுகு எல்லாம் வேலை செய்யும். மூட்டுக்கு அதிர்ச்சி இல்லை. தசைக்கு மட்டும் வேலை. தசை வலுவாக இருந்தால் தேய்ந்த மூட்டையும் ஓரளவு அது தாங்கிப் பிடிக்கும். நம் முழங்கால் வலிக்குப் பிசியோதெரபியில் தொடைத் தசைக்குப் பயிற்சி தருகிறார்களே, அதே கணக்கு.

இப்போது செய்முறை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் போன மாதம் நாலாம் மாடியில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுத் துடைப்பக் கம்புகளைச் செங்கல் மேல் வைத்துத் தன் பக் நாயைக் குதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

கம்புக்கு முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப் போதும். மூன்றடி, நாலடி நீளமாக ஆறு துண்டு. நான் கோட்டாறில் ஒரு ஹார்டுவேர் கடையில் வெட்டி வாங்கினேன். முனையைச் சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். வெள்ளைப் பைப்பில் இடையிடையே நீல டேப் சுற்றினால் நாய்க்கு நன்றாகத் தெரியும். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாது, நீலமும் மஞ்சளும் தெரியும். கோன் என்றால் நாங்கள் பள்ளி மைதானத்தில் வைக்கிற அதே பிளாஸ்டிக் கோன். பக்கவாட்டில் துளை உள்ள கோன் வாங்கினால் பைப்பின் முனையை அதில் சொருகி உயரம் வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள், கம்பை இறுக்கிக் கட்டவே கூடாது. கால் பட்டால் உருண்டு விழ வேண்டும். விழாத கம்பில் நாய் விழும்.

முதல் இரண்டு வாரம் கம்பு தரையிலேயே கிடக்கட்டும். உயரமே வேண்டாம். முதல் நாள் ஒரே ஒரு கம்பு. மணி அதை முகர்ந்தான், கடித்தான், சுற்றிக்கொண்டு போனான். நாலாம் நாள்தான் கடந்தான். பிறகு இரண்டு, மூன்று என்று ஆறு வரை. கம்புக்கும் கம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்றால், தரையிலிருந்து நாயின் தோள் வரை உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அதில் ஆரம்பித்து, நாய் நடப்பதைப் பார்த்து இரண்டு இஞ்ச் கூட்டிக் குறையுங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் கால் சிரமமில்லாமல் விழுந்தால் சரியான அளவு. இரண்டு பின்காலையும் சேர்த்துத் துள்ளினால் ஒன்று இடைவெளி தப்பு, அல்லது உயரம் தப்பு, அல்லது வேகம் தப்பு. அநேகமாக வேகம்தான்.

இரண்டு வாரம் கழித்து ஓரிரண்டு இஞ்ச் உயர்த்தலாம். எவ்வளவுதான் பழகினாலும் நாயின் பின்கால் கணுவுக்கு மேலே கம்பு போகக் கூடாது. மணிக்கு நான் நாலு இஞ்சைத் தாண்டவில்லை. பிஸ்கட்டை மேலே தூக்கிக் காட்டாதீர்கள், தலை மேலே போனால் கால் தெரியாது. மூக்குக்கு நேரே, தாழ்வாக, உங்கள் கை முன்னால் நகர வேண்டும். நாய் தலையைக் குனிந்து கம்பைப் பார்த்து நடப்பதுதான் நல்ல அடையாளம். கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டாம். வராத அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கோனுக்கு வருவோம். டூ வீலர் லைசென்ஸுக்கு ஆர்.டி.ஓ. முன்னால் எட்டுப் போட்டோமே, அதேதான். இரண்டு கோன் வைத்து நாயை எட்டாக நடத்துங்கள். வளையும்போது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது, உள்பக்கக் கால்களுக்கு எடை மாறுகிறது. எட்டில் இரண்டு பக்கமும் சமமாக வந்துவிடும். அதனால்தான் வட்டத்தைவிட எட்டு நல்லது. பழகினபின் நாலு கோனை வரிசையாக வைத்துப் பாம்பு மாதிரி ஊடே நடத்தலாம். கோன்களுக்கு நடுவே நாயின் உடல் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு இடைவெளி விடுங்கள். நெருக்கி வைத்தால் முதுகு திருகும்.

நேரம்? முதலில் ஐந்து நிமிடம் சாதாரண நடை, உடம்பு சூடேற. பிறகு கம்பும் கோனும் சேர்த்து ஐந்து நிமிடம், பழகினால் பத்து. மறுபடி ஐந்து நிமிடம் நடை. ஒருநாள் விட்டு ஒருநாள். அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பி.டி. பீரியட் நாற்பது நிமிடம் தருகிறோம் என்று நாய்க்கும் தர வேண்டாம். களைத்த நாய் காலை இழுக்கும், கம்பில் இடறும், அப்படித்தான் அடிபடும்.

எந்த நாய்க்கு எது கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வயது ஆகாத குட்டிக்குக் கம்பு தரையில்தான், உயரமே கூடாது. எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் மூடியிருக்காது. பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயதுவரை பொறுங்கள். டாக்ஸ்ஹண்ட் போல நீள முதுகு உள்ள நாய்க்கு முதுகு டிஸ்க் பிரச்சினை வரும் இயல்பு உண்டு, மருத்துவரிடம் கேட்காமல் எதுவும் தொடங்க வேண்டாம். பக், ஷீ ட்ஸூ போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு நம் ஊர்ப் புழுக்கமே போதும், உயிருக்கு உலை வைக்க. நாய் நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரம் கூடக் கூட அதுவும் சரியாக நடக்காது. கன்னியாகுமரி மாவட்டத்தில் வெயில் மற்ற ஊர்களைவிடக் குறைவு என்று நாம் பெருமைப்படுவோம், ஈரத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். காலை ஏழுக்குள், இல்லையென்றால் மாலை ஆறரைக்கு மேல். சிமெண்ட் தரை என்றால் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

மூன்றாம் மாடிச் சிப்பிப்பாறையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஒல்லியாக இருக்கிறதே, சோறு போடுவதில்லையா என்று அந்தத் தம்பியை லிஃப்டில் நிறுத்திக் கேட்டவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். அது முயல் வேட்டைக்கு ஓடிய இனம், உடம்புவாகே அப்படித்தான். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை எல்லாம் நம் தென்மாவட்டங்களின் சொத்து. 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையம் இருந்தது. ஓட்டத்துக்குப் பிறந்த இந்த நாய்களுக்குக் கம்பு நடை சலிப்பாக இருக்கும், பறந்து தாண்டப் பார்க்கும். அவற்றுக்குத் தரைக்கம்பு, மெதுநடை, அதோடு தனியாக ஓட ஓர் இடம் வேண்டும். வெள்ளை ராஜபாளையம் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூப்பிட்டு வரவில்லை என்று அடிக்காமல், கைச் சைகையில் பழக்குங்கள்.

பயிற்சியைவிடத் தட்டு முக்கியம். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 13 வயதுவரை இருந்தன, நிறையச் சாப்பிட்டவை 11 வயதைக் கொஞ்சம் தாண்டின. மூட்டு நோயும் மெலிந்தவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. நாயின் வாழ்க்கையில் இரண்டு வருஷம் என்பது நமக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் மாதிரி. நான் மணிக்குப் பாசத்தில் கொடுத்த சிப்ஸெல்லாம் அந்தக் கணக்கில்தான் கழிந்திருக்கிறது.

எடை சரியா என்று பார்க்க மெஷின் வேண்டாம். நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். நம் கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படித் தட்டுப்பட்டால் சரி. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கூடுதல். மூடிய முஷ்டி மாதிரி முட்டு முட்டாக இருந்தால் குறைவு. பயிற்சிக்குக் கொடுக்கிற பரிசையும் அன்றைய சாப்பாட்டில் கழியுங்கள். வேகவைத்த கோழி, காரட், கொஞ்சம் ஏத்தம்பழம், எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு. திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், வெங்காயம் வேண்டவே வேண்டாம், அவை நாய்க்கு விஷம்.

வீட்டுக்குள் டைல்ஸுக்கு என்ன செய்வது? நகத்தை வெட்டுங்கள். பாதத்தின் இடுக்கில் வளரும் முடியைக் கத்தரியுங்கள். நாய் எழுந்து நடக்கிற வழியில் தும்பு மிதியடியோ ரப்பர் ஷீட்டோ போடுங்கள். இரண்டுக்கும் நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் நமக்கு இரண்டு பருவமழையும் சேர்ந்து மாதக்கணக்கில் வெளியே போக முடியாது. அப்போது ஹாலில் மிதியடி மேல் மூன்று கம்பு போட்டு நடத்தலாம். தேங்கிய தண்ணீரில் நாயை இறக்காதீர்கள், எலி மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, வருஷா வருஷம் போட வேண்டும்.

நொண்டல், நடக்கும்போது தலை மேலும் கீழும் ஆடுவது, படியில் தயங்குவது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பது, இதில் எது இருந்தாலும் கம்பைத் தொடாதீர்கள். முதலில் மருத்துவர். உள்ளூரில் தீராததற்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

மணி இப்போது 31 கிலோ. எட்டு மாதம் ஆனது. மூட்டு சரியாகிவிடவில்லை, சரியாகவும் ஆகாது. குளிர்ந்த காலையில் இன்னும் விறைப்பாகத்தான் எழுகிறான், சில மாதங்களில் மாத்திரையும் வேண்டியிருக்கிறது. ஆனால் இரண்டு மாடி ஏறி வருகிறான். டைல்ஸில் கால் விரிவதில்லை.

இனி இடத்துக்கு வருகிறேன். முதலில் மொட்டை மாடியில்தான் ஆரம்பித்தேன். அங்கே வற்றல் காயப்போட்டிருந்த அக்கா ஒருவர் என்னையும் மணியையும் சேர்த்துத் துரத்தினார். அவர் கோபம் நியாயமானது, கூழ்வற்றல் மேல் நாய் முடி பறந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதற்கப்புறம்தான் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போனேன். மண் தரை, வழுக்காது. காலை எட்டரை வரை பிளாக்கின் நிழல் விழுகிறது. காருக்கும் பிள்ளைகள் விளையாட்டுக்கும் ஒதுக்கின இடம் இல்லை.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் பிளாக்கில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியைப் போன வருஷம் தெரு நாய் கடித்துவிட்டது. அவள் அம்மா உடனே குழாயடியில் காலை வைத்துச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஊசி எல்லாத் தவணையும் விடாமல் போட்டார். எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய காரியம் இது. ரேபீஸ் நோய்க்குறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது, கழுவுவதும் ஊசியும்தான் வழி. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு நாய் இருக்கிற லிஃப்டில் ஏற மாட்டாள். நான் கம்பு போடும்போது தூரத்தில் படிக்கட்டில் நின்று பார்ப்பாள். ஒருநாள், "மணி எத்தன கம்புல இடிச்சான்னு நான் எழுதட்டா சார்?" என்று கேட்டாள். இப்போது அவள் நோட்டில் மூன்று மாதக் கணக்கு இருக்கிறது. ஆரம்பத்தில் ஆறு கம்பில் நாலு இடி, இப்போது பல நாள் பூஜ்யம். இன்றுவரை அவள் மணியைத் தொட்டதில்லை. தொடச் சொல்லி நானும் கேட்டதில்லை. அவளுக்கும் நாய்க்கும் நடுவே பதினைந்து அடி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், மணி கயிற்றில் இருப்பான் என்றும் தெரியும். அந்த உறுதியை நான் காப்பாற்ற வேண்டும். இடமும் நேரமும் சங்கம் எழுதிக் கொடுத்தால் அது சுலபம்.

சட்டம் என்ன என்று செயலாளர் கேட்டார். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் குடியிருப்பு நலச் சங்கங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வளர்ப்பு நாயை வைக்கக் கூடாது என்று சங்கம் தடை போட முடியாது, பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் முடியாது. லிஃப்டையும் மறுக்க முடியாது. ஆனால் பூங்கா போன்ற பொது இடத்துக்கு நேரம் வகுத்துக்கொள்ளலாம். இது தெரிந்ததும் நாய் வைத்திருக்கிற சிலர் "பாத்தியா, சட்டம் நம்ம பக்கம்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பின்காலில் பலமில்லாத பாட்டி லிஃப்டில் இருக்கும்போது 38 கிலோ நாயை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறியவன் நான்தான். அவர் சுவரோடு ஒட்டி நின்றதை நான் அன்றைக்குக் கவனிக்கக்கூட இல்லை. பிறகு அவர் மகன் சொல்லித்தான் தெரியும். அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது லிஃப்டில் ஆள் இருந்தால் அடுத்ததற்கு நிற்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவு. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் உள்ள இடம், காலை ஆறு முதல் ஏழு வரை, மாலை ஆறரை முதல் ஏழரை வரை, நாய்களுக்கு. மற்ற நேரமெல்லாம் எல்லாருக்கும். மூன்று மாதச் சோதனை, அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு நாய்க்கு மேல் கிடையாது. கயிறு கட்டாயம். ரேபீஸ் தடுப்பூசி அட்டையின் நகலை அலுவலகத்தில் கொடுத்தவர்களுக்கு மட்டும். அசுத்தம் செய்தால் கொண்டுபோனவர்தான் எடுக்க வேண்டும், நம் துப்புரவு அம்மாவின் வேலை அல்ல. காகிதமும் மூடி போட்ட வாளியும் அங்கேயே வைக்கிறேன். சங்கத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை, கம்பும் கோனும் என்னுடையவை. பழக வேண்டுமென்றால் முதல் இரண்டு வாரம் நான் கூட நிற்கிறேன்.

பம்ப் அறையில் கதவுக்குப் பின்னால் ஒரு சாக்குப் பையில் ஆறு கம்பும் நாலு கோனும் இருக்கின்றன, சாவி வாட்ச்மேன் அண்ணாச்சியிடம். எடுத்தால் திருப்பி அங்கேயே வையுங்கள். போன வாரம் ஒரு கோன் காணாமல் போய்விட்டது, அது இப்போது மூன்றாம் பிளாக் முன்னால் யாரோ கார் நிறுத்தாமல் இருக்கப் பயன்படுகிறது. யார் என்று எனக்குத் தெரியும். நாளைக்குள் வந்துவிட்டால் பெயரைச் சொல்ல மாட்டேன்.



(பேச்சுக்குப் பின் நடந்த விவாதத்தில் மூன்று மாதச் சோதனைக்குக் கூட்டம் ஒப்புதல் அளித்தது. மாலை நேரத்தை மட்டும், பிள்ளைகள் விளையாடி முடிக்கும் நேரத்தைக் கருதி, ஏழு முதல் எட்டு வரை என்று மாற்றியிருக்கிறோம். கோன் திரும்பி வந்துவிட்டது.)